பழைய இரும்பு வியாபாரிகள் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கமிருந்து கடையை அடைத்துவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆயுத பூஜை வழக்கம்போல் நடந்தது. சந்தா பாக்கியைப் பற்றி இப்போது பேசினால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவீர்கள். அதை டீ குடிக்கும்போது வைத்துக்கொள்கிறேன். இந்த ஆண்டு செயற்குழுவில் மாறி மாறிப் பேசியது திருட்டுப் பொதுச்சொத்தைப் பற்றித்தான்.

மழைக்காலத்தில் உறுப்பினர் ஒருவர் கடைக்கு ஒரு சாக்கு வந்தது. உள்ளே வார்ப்பிரும்புத் துண்டுகள். தரையில் பொருத்திப் பார்த்தால் பாதாளச் சாக்கடை மூடி! மேல்பக்கம் தார் ஒட்டியிருந்தது. உடைந்த வாயில் துருவே இல்லை, சாம்பல் நிறத்தில் பளிச்சென்றிருந்தது. “வீடு இடிச்ச இடத்துல கெடந்துச்சு” என்றாராம் கொண்டுவந்தவர். நம் உறுப்பினர் தராசில் ஏற்றவே விடவில்லை. இன்னொரு கடையில் கை நீளத்துக்கு வெட்டிய மின்கம்பியை வாங்கிவிட்டார்கள். பொருளும் போய், கொடுத்த பணமும் போய், அவர் இன்னும் ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டிருக்கிறார்.

“எனக்கென்ன தெரியும்” என்பது இனி எடுபடாது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு, திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கியவரை மட்டும் சொல்லவில்லை. அப்படி நம்பக் காரணம் இருந்தும் வாங்கியவரையும் சேர்த்துச் சொல்கிறது. அந்த மூடியில் ஒட்டியிருந்த ரோட்டுத் தார்தான் அப்படி நம்பக் காரணம். தண்டனை 3 ஆண்டு வரை. இதையே வாடிக்கையாகச் செய்தால் ஆயுள்வரை போகலாம். மின்சாரச் சட்டம் 2003இன் 136ஆம் பிரிவில், உரிமையாளர் சம்மதமில்லாமல் நேர்மையற்ற எண்ணத்தோடு மின்கம்பியைக் கடையில் வைத்திருப்பதும் குற்றம். ரயில்வே சாமான் என்றால் 1966ஆம் ஆண்டுச் சட்டம். முறையாக வந்தது என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். தண்டவாளக் கிளிப் ஒன்றுகூடக் கடைக்குள் வரக்கூடாது என்று சொல்வது இதனால்தான்.

நம் தொழிலில் நல்லவர் கெட்டவர் எல்லோரையும் போலீஸ் ஒரே பார்வை பார்க்கிறது என்ற வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் மூடியில்லாத குழியில் இரவில் பைக்கில் வருகிற பிள்ளை விழுந்தால், அந்த மூடியை எடை போட்டவனுக்கும் அதில் பங்குண்டு.

இங்கிலாந்தில் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பழைய உலோகத்துக்கு ரொக்கம் கொடுக்கவே கூடாது. விற்பவர் பெயர், முகவரியைச் சரிபார்த்துப் பதிய வேண்டும். இங்கே அவ்வளவு வேண்டாம் என்பார் சிலர். சரி, ஆனால் 2024 அக்டோபரிலிருந்து பதிவில்லாதவரிடம் வாங்கும் உலோகக் கழிவுக்கு ஜிஎஸ்டி பதிவுள்ள நாமே வரி கட்டி, பில்லும் போட வேண்டியிருக்கிறது. அந்தப் பில்லை எழுதுவதோடு விற்றவர் பெயர், போன் நம்பர், வண்டி எண்ணையும் எழுதிவிட்டால் என்ன குறைந்துவிடும்?

நம் பக்கத்து அண்டா குண்டான்களில் வீட்டு விலாசம் வெட்டியிருக்கும். பார்த்ததும் யார் சாமான் என்று தெரிந்துவிடும். மூடி, கிராதி, குப்பைத்தொட்டி எல்லாவற்றிலும் அதேபோல் ஊர்ப்பெயரையும் எண்ணையும் வார்க்கச் சொல்லி உள்ளாட்சி அமைப்புகளுக்கு மனுக் கொடுக்கும் தீர்மானம் இன்று ஓட்டுக்கு வருகிறது. விற்றவர் விவரம் எழுதக் கொள்முதல் நோட்டு அச்சாகி என் கடையில் இருக்கிறது. சந்தா கட்டியவர்களுக்கு இலவசம்.