ஆண்டறிக்கை 2024–25: புதிதாக வந்திறங்கும் படைவீரர் குடும்பங்களும் நம் சங்கமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, படைவீரர் குடும்பங்களுக்கு வீடு வாடகைக்குத் தந்திருக்கும் அன்பர்களே, இந்த ஆண்டு நம்மோடு புதிதாகச் சேர்ந்திருக்கும் சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் சங்கம் ஆற்றிய பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். செயற்குழு தவறாமல் கூடியது. வடகிழக்குப் பருவமழையின்போது மட்டும் ஒரு கூட்டத்தைத் தள்ளி வைத்தோம். சுதந்திர தினம், குடியரசு தினம் ஆகிய நாட்களில் கொடியேற்றினோம். டிசம்பர் 7 கொடிநாளில் நிதி திரட்டினோம். மறுநாள், 2021-இல் குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத், அவருடைய துணைவியார் உட்படப் பதினான்கு பேரின் உயிரைப் பறித்த ஹெலிகாப்டர் விபத்து நடந்த நாள் என்பதால் அஞ்சலிக் கூட்டம் நடத்தினோம். தண்ணீர் லாரி, தெருவிளக்கு பற்றிய மனுக்கள் அனுப்பப்பட்டுவிட்டன, நினைவூட்டலும் போயிருக்கிறது.

மற்றபடி இந்த ஆண்டு நம் நேரத்தில் பெரும்பகுதி ஒரே வேலைக்குப் போனது. போஸ்டிங்கில் வெலிங்டனுக்கு வரும் குடும்பங்களை முதல் மாதத்தில் தனியே விடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை அது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

நம் ஊருக்கு இரண்டு வகையில் குடும்பங்கள் வருகின்றன. முப்படை அதிகாரிகளுக்கான பயிற்சிக் கல்லூரியான ஸ்டாஃப் காலேஜுக்கு வரும் அதிகாரிகள் ஜூன் மாதம் மொத்தமாக வருகிறார்கள், படிப்பு முடிந்து அடுத்த ஏப்ரலில் மொத்தமாகக் கிளம்புகிறார்கள். தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றிலிருந்தும், நட்பு நாடுகளிலிருந்தும் வருகிறார்கள். அவர்களுக்கு வீடு, பள்ளி, வரவேற்பு என்று ஒரு நடைமுறை ஏற்கெனவே இருக்கிறது. நம் கவலையெல்லாம் அடுத்த வகை பற்றியது. மெட்ராஸ் ரெஜிமென்ட் 1758-இலிருந்து இருக்கிறது. அதன் மையம் நம் ஊரில்தான் இருக்கிறது. அங்கே பயிற்சியாளராகவும் அலுவலகப் பணிக்கும் வரும் நாயக், ஹவில்தார் நிலை வீரர்களின் குடும்பங்கள் வருடத்தின் எந்த மாதத்திலும் வந்து இறங்குகின்றன. குவார்ட்டர்ஸ், அதாவது ராணுவக் குடியிருப்பு, கிடைக்கும்வரை வெயிட்டிங் லிஸ்டில் பெயர் இருக்கும். அதுவரை ஓட்டுப்பட்டறையிலோ எடப்பள்ளியிலோ அருவங்காட்டிலோ வாடகை வீடு. கணவர் விடியற்காலையில் பி.டி. என்னும் உடற்பயிற்சிக்குப் போய்விடுவார். மொழி தெரியாத ஊரில், மூட்டை பிரிக்காத வீட்டில், கைக்குழந்தையோடு ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருப்பாள். என் வீட்டுக்காரர் பணியில் இருந்த காலத்தில் நானும் அப்படி உட்கார்ந்திருந்தவள் என்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடியும்.

கடந்த ஜூலையில் ஒரு ஹவில்தார் வீட்டுச் சாமான் இறக்க நம் உறுப்பினர்கள் போனோம். கருப்பு டிரங்குப் பெட்டிகள் வழக்கம்போல் நனைந்து வந்திருந்தன. ஒரு பெட்டியின் மூடியில் வெள்ளை எழுத்தில் அவர் பெயர், நம்பர், யூனிட். அந்த எழுத்துக்குக் கீழே, கருப்புப் பெயின்ட் பூசி அழித்த பழைய யூனிட் முகவரி மேடாகத் தெரிந்தது. அதற்கும் கீழே இன்னொன்று. விரலால் தடவினால் மூன்று ஊர்களைப் படித்துவிடலாம். உள்ளே கம்பளி எல்லாம் ஈரம். அவருடைய மனைவி மதுரைப் பக்கத்துப் பெண். கல்யாணமானதிலிருந்து ராஜஸ்தானில் இருந்தவர். ஜூலையில் ஸ்வெட்டர் போடுவது அவருக்கு அதுவே முதல் தடவை. “அக்கா, இங்க துணி எப்பத்தான் காயும்?” என்று கேட்டார். பக்கத்து வீட்டு அம்மா அன்றே தன் வீட்டுச் சமையல்கட்டில் கொடி கட்டிக் குழந்தைத் துணிகளை வாங்கிக்கொண்டார். அந்த அம்மா நம் சங்கத்தில் உறுப்பினர்கூட இல்லை. இந்த மன்றத்தின் சார்பில் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

குளிரைப் பற்றி ஒரு எச்சரிக்கையை இந்த அறிக்கையில் பதிவு செய்தே ஆக வேண்டும். புதிதாக வருபவர்கள் குளிர் தாங்காமல் கரி அடுப்பைப் படுக்கையறைக்குள் வைத்துக் கதவு, ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்குகிறார்கள். கரி நெருப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். நீலகிரியில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. ஆகவே வீட்டுச் சாவி கைமாறும் அன்றே இதை வாயால் சொல்லிவிட வேண்டும் என்று செயற்குழு முடிவெடுத்து, தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு, இந்தி ஆகிய ஐந்து மொழிகளில் ஒரு பக்கத் துண்டறிக்கையும் அச்சிட்டிருக்கிறது. அதே தாளில் காட்டெருமை பற்றியும் இருக்கிறது. பொழுது சாயும்போது அது ரோட்டோரம் மேய வரும். பார்க்கச் சாதுவாகத் தெரியும். படம் எடுக்கக் கிட்டே போகக் கூடாது, பிள்ளைகளைக் கடைக்குத் தனியாக அனுப்பக் கூடாது.

அடுத்து, அட்வான்ஸ். இதில் என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். வீட்டு உரிமையாளர்கள் வருத்தப்பட வேண்டாம். போஸ்டிங்கில் வரும் வீரருக்கு அரசு தரும் இடமாற்ற மானியம் அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவீதம். சாமான் கட்ட, இறக்க, பள்ளிச் சேர்க்கை, யூனிஃபார்ம், கேஸ் என்று அது வந்த வேகத்தில் கரைந்துவிடுகிறது. அதற்கு மேல் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்டால் அந்தக் குடும்பம் கடன் வாங்கித்தான் நம் ஊரில் காலடி வைக்கிறது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாத வரை, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. போன ஆண்டு ஒரு வீரருக்குப் பதினோரு மாத ஒப்பந்தம் முடியும் முன்பே மாற்றல் வந்தது. உரிமையாளர் முன்பணத்தைப் பிடித்துக்கொண்டார். நம் தலைவரும் துணைத் தலைவரும் பலமுறை நேரில் போய்ப் பேசிய பிறகு, பெயின்ட் செலவு போக மீதியை வாங்கிக் கொடுத்தோம். அதற்குள் அந்தக் குடும்பம் வடகிழக்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அதன் விளைவாகச் சங்கம் ஒரு மாதிரி ஒப்பந்தம் தயாரித்தது. மூன்று மாத முன்பணம். மூவ்மென்ட் ஆர்டர் என்னும் ராணுவ மாற்றல் ஆணையைக் காட்டினால் அதுவே போதுமான நோட்டீஸ். காலி செய்யும் அன்றே கணக்குத் தீர்ப்பது. இந்த மூன்றையும் ஏற்று எடப்பள்ளி உரிமையாளர்கள் முதலில் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களில் தேயிலைத் தோட்டக்காரர்களான படுகர் குடும்பங்களும் உண்டு, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களும் உண்டு. ஊர் மாறுவது என்றால் என்னவென்று தெரிந்த அந்த இரண்டாவது வகையினர் ஒப்பந்தத்தைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை, பேனாவைக் கேட்டார்கள்.

காகிதப் பிரச்சினைகள் பல வந்தன. முக்கியமானவை மட்டும். புதிதாகத் திருமணமானவர்களில் சிலர் திருமணத்தை யூனிட்டில் பதிந்து அதற்கான யூனிட் ஆணையான பார்ட் டூ ஆர்டர் வெளியாகும் முன்பே மனைவியை அழைத்து வந்துவிடுகிறார்கள். அந்த ஆணை இல்லாமல் குடும்பத்தாருக்கான அடையாள அட்டையான டிபெண்டன்ட் கார்டு இல்லை. குவார்ட்டர்ஸுக்கும் மனைவி பெயரைக் காட்ட முடியாது. புது மணப்பெண்கள் இதைக் கணவரிடம் வாய் திறந்து கேட்க வேண்டும், கூச்சப்படக் கூடாது. கருவுற்ற நிலையில் வெளிமாநிலத்திலிருந்து வருபவர்களுக்கு இன்னொன்று உண்டு. தமிழ்நாட்டில் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்குக் கர்ப்பகாலப் பதிவு எண், அதாவது ஆர்.சி.எச். எண், கேட்கிறார்கள். மிலிட்டரி ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்தாலும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் முன்கூட்டியே பதிந்துவிடுவது நல்லது. இந்த ஆண்டு நம் மகளிர் குழு இதற்காகவே சகோதரிகளை அழைத்துக்கொண்டு போய் வந்தது.

வண்டி விஷயம். வேறு மாநிலப் பதிவெண்ணோடு வந்து பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். 2021-இல் வந்த, நாடு முழுவதும் செல்லும் பி.எச். (பாரத்) வரிசைப் பதிவெண்ணுக்குப் படைவீரர்கள் தகுதியானவர்கள். புது வண்டி வாங்குவோர் அதையே கேட்டு வாங்கினால் அடுத்த ஊரிலும் அலைச்சல் மிச்சம். 2024 மே 7 முதல் நீலகிரி மலையேற இ-பாஸ், அதாவது இணையத்தில் பெறும் அனுமதிச் சீட்டு, தேவை. நீலகிரிப் பதிவெண்ணான டி.என். 43 வண்டிகளுக்கு விலக்கு உண்டு, புதிதாக வரும் குடும்பத்தின் வண்டிக்குக் கிடையாது. 2025 ஏப்ரல் முதல் வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று அந்தச் சீசனுக்கு உச்சவரம்பும் சேர்ந்தது. கிளம்பும் முன்பே பாஸ் எடுத்துவிடுங்கள் என்று வரப்போகும் குடும்பங்களுக்குப் போனில் சொல்லிவருகிறோம். கல்லாரில் பிளாஸ்டிக் சோதனை உண்டு என்பதையும், பர்லியார் பக்கம் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாக வர வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பணிக்கு வருகிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு.

கேந்திரிய வித்யாலயாவிலிருந்து இன்னொரு கேந்திரிய வித்யாலயாவுக்கு மாறும் பிள்ளைகளுக்கு அதிகச் சிரமமில்லை. பாடத்திட்டமும் புத்தகமும் ஒன்றுதான். அங்கே இடம் கிடைக்காமல் மற்ற பள்ளிகளில் சேர்பவர்கள்தான் தவிக்கிறார்கள். தமிழ் கற்றல் சட்டம் 2006-இல் வந்தது. பத்தாம் வகுப்பு வரை தமிழ் படித்தாக வேண்டும். பஞ்சாபிலும் அசாமிலும் வளர்ந்துவிட்டு எட்டாம் வகுப்பில் இங்கே வந்து சேரும் பிள்ளை, ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. இதில் பாதிப் பேர் தமிழ்ப் பிள்ளைகளே என்பதுதான் மனதை உறுத்துகிறது. வீட்டில் சரளமாகப் பேசுவார்கள், ஒரு வரி வாசிக்க வராது. ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் சம்பளம் வாங்காமல் நம் கூடத்தில் வகுப்பு எடுக்கிறார். பாடப்புத்தகத்தை அவர் முதலில் தொடுவதே இல்லை. குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய்ப் பேருந்துப் பலகைகளை வாசிக்கச் சொல்கிறார். “கோத்தகிரி” என்ற பலகையை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பேருந்து கிளம்பிவிட, ஒரு சிறுவன் கூடவே ஓடி முழுவதையும் படித்துவிட்டு வந்ததை நான் நேரில் பார்த்தேன். ஐப்பசி மழையில் சில வாரம் வகுப்பு நின்றது. தை பிறந்ததும் மறுபடி நிரம்பியது. இப்போது மலையாளி, கன்னடக் குடும்பத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள்.

தாய்மார்களின் வேலை பற்றி நம்மால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. நர்ஸாக, ஆசிரியையாக இருந்தவர்கள் ஒவ்வொரு மாற்றலிலும் வேலையை விட்டுவிட்டு வருகிறார்கள். நர்ஸ்கள் மாநிலத்துக்கு மாநிலம் கவுன்சில் பதிவை மாற்ற வேண்டியிருக்கிறது. அது முடிவதற்குள் அடுத்த போஸ்டிங் வந்துவிடுகிறது. வரும் ஆண்டில் உள்ளூர்ப் பள்ளிகள், மருத்துவமனைகளிடம் தற்காலிகப் பணி கேட்டுப் பேசலாம் என்று மகளிர் குழு யோசனை சொல்லியிருக்கிறது. ஆதரிக்கிறேன்.

போகும் குடும்பங்களையும் மறக்கவில்லை. குடும்பத்தை அழைத்துப்போக முடியாத ஃபீல்டு பணிக்குக் கணவர் போகும்போது சிலர் ஊருக்குத் திரும்புகிறார்கள், சிலர் பிள்ளைகளின் படிப்புக்காக இங்கேயே தங்குகிறார்கள். தங்குபவர்களின் வீட்டுக்கு வாரம் ஒருமுறை யாராவது போய்வருவது என்று தெருவாரியாகப் பொறுப்பு பிரித்திருக்கிறோம். இதைச் செய்துவரும் மூத்த சுபேதார்களின் துணைவியருக்குச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறேன். மாதிரி வாடகை ஒப்பந்தத்தை எல்லா உறுப்பினர்களும் ஏற்பது. தமிழ் வகுப்புக்குக் கூடத்தை ஆண்டு முழுவதும் இலவசமாகத் தருவதும், கரும்பலகைக்கும் பாய்களுக்கும் நிதி ஒதுக்குவதும். புதிதாக வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் முதல் முப்பது நாட்களுக்கு ஒரு துணைக் குடும்பத்தை நியமிப்பது.

மூன்றாவது தீர்மானத்துக்கு ஆட்கள் வேண்டும். ஜூன் மழைக்கு முன்பே சில குடும்பங்கள் வரவிருப்பதாகத் தகவல் இருக்கிறது. கன்னடமோ தெலுங்கோ பேசத் தெரிந்தவர்கள் நம்மிடம் குறைவு. தெரிந்தவர்கள் கட்டாயம் முன்வர வேண்டும். பெயர் தர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் வாசல் மேசையில் இருக்கும் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போகுமாறும், இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
வெலிங்டன், நீலகிரி
மே 2025