இரண்டு குண்டும் கொஞ்சம் மாவும்

கோட்டையூர்

அடி உமையாள்,

நான்கு மாதம் பதில் போடாததற்குத் திட்டி முடித்துவிட்டாயா? இனிப் படி. கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. இரண்டாங்கட்டில் வழக்கம்போல் ஒழுகுகிறது. உன் சம்பந்தியம்மாள் விஷயம் நேரில்.

எழுத வைத்தது ஒரு பொடியன். ஆறாம் வகுப்புதான். 31 வருடம் இயற்பியல் நடத்தியவளை வாயடைக்க வைத்துவிட்டான்.

மாலையில் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வளவில் கூடுகிறார்கள். மோதலில் உந்தம் (நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் வருவது) அழியாது என்று காட்ட முதலில் கோலியை எடுத்தேன். வயர் ஓட்டும் பிளாஸ்டிக் பட்டையில் ஐந்து கோலிகளை ஒன்றையொன்று தொட்டபடி நிறுத்தி, ஒன்றை உருட்டிவிட்டால் மறுமுனையில் ஒன்று மட்டும் கழன்று ஓட வேண்டும். மழைநீர் வடிய முற்றத்துப் பக்கம் சாய்த்துப் போட்ட தரையாயிற்றே! மொத்தக் கூட்டமும் தானாகவே முற்றத்துக்குப் புறப்பட்டுவிட்டது. அடியில் பழைய பஞ்சாங்கத்தைக் கொடுத்துச் சமன்செய்தேன். அப்போதும் மோதிய கோலி நிற்காமல் பின்னாலேயே மெல்ல ஊர்ந்தது. உருளும் குண்டு ஓட்டத்தைக் கைமாற்றிவிடும், தன் சுழற்சியை விடாது. நம் பம்பரம் சார் மாதிரி.

சரி, தொங்கவிடுவோம் என்று பட்டறையில் ஒரே அளவு பேரிங் குண்டுகள் ஐந்து வாங்கிக் கொக்கி ஒட்டினேன். ஒற்றை நூலில் கட்டினால் ஒன்றையொன்று உரசிக்கொண்டு பக்கவாட்டில் ஓடுகின்றன. ஊஞ்சல் பலகைக்குப் போல இருபுறமும் நூல் கொடுத்த பிறகுதான் அடங்கின. நியூட்டன் தொட்டில் என்கிறார்களே, அதுதான். 1687இல் வந்த தம் புத்தகத்தில் நியூட்டனே இந்த மாதிரி மோதல் சோதனைக்கு மாரியட் என்ற பிரெஞ்சு அறிஞரைக் குறிப்பிடுகிறார். பெயர் மட்டும் நியூட்டனுக்கு.

ஒன்றை விட்டால் ஒன்று கிளம்பியது, இரண்டை விட்டால் இரண்டு. நிறையைத் திசைவேகத்தால் பெருக்கு, முன்னும் பின்னும் ஒன்றே என்று முடித்தேன். அந்தப் பயல் கையைத் தூக்கினான். “ஆச்சி, இரண்டை விட்டால் ஒன்றே ஒன்று இரண்டு மடங்கு வேகத்தில் போனாலும் கணக்கு சரிதானே?”

சரிதான், உமையாள்! உந்தக் கணக்கில் ஒரு குறையும் இல்லை. “நாளைக்குச் சொல்கிறேன்” என்று எழுந்து உள்ளே போய்விட்டேன்.

விடை எனக்குத் தெரியாததல்ல. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. ஒற்றைக் குண்டு இரட்டை வேகத்தில் போக வேண்டுமானால் இருந்ததைப்போல் இரண்டு பங்கு ஆற்றல் வேண்டும். யார் கொடுப்பார்கள்? ஆனால் அதைக் கரும்பலகையில் எழுதிக் காட்ட மனம் வரவில்லை. இரவு சப்பாத்திக்கு மாவு பிசைகையில்தான் வழி தெரிந்தது.

மறுநாள் இரண்டு குண்டுகளை மட்டும் தொங்கவிட்டு, நடுவில் கொஞ்சம் மாவை அப்பினேன். ஒன்றை 8 சென்டிமீட்டர் உயர்த்தி விட்டேன். இரண்டும் ஒட்டிக்கொண்டு கிளம்பி ஏறக்குறைய 2 சென்டிமீட்டர்தான் ஏறின. வேகம் பாதி, நிறை இரட்டிப்பு, ஆகவே உந்தம் அப்படியே. உயரம் மட்டும் கால் பங்கு. “உந்தம் அங்கேயே இருக்கிறது, அப்படியானால் மாவு எதைத் தின்றது?” என்றான் அவன். ஆற்றல் என்ற சொல்லை அதற்குப் பிறகுதான் சொன்னேன்.

அன்று முதல் ஒரே நினைப்பு. எத்தனை பிள்ளைகள் அந்த விதியை என்னிடம் மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்கிப் போனார்கள்! ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லையா, நான் கேட்க விடவில்லையா? அந்த மஞ்சள் குடைக்காரி ஒருமுறை எதற்கோ எழுந்து நின்றாள், நான் மணி அடித்துவிட்டதென்று உட்கார வைத்தேன். என்ன கேட்க வந்தாளோ. உனக்கு அவளோடு இன்னும் பேச்சு உண்டா?

பிள்ளையார் நோன்புக்கு வருவாய் அல்லவா? வரும்போது தூண்டில் நரம்பு ஒரு சுருள் வாங்கி வா, மெல்லியதாக. பருத்தி நூல் முறுக்கிக்கொள்கிறது. நோன்பு வேட்டியில் இழை உருவலாமா என்று பயல் கேட்டான், என் மாமியார் இருந்திருந்தால் இருவருக்கும் உதை விழுந்திருக்கும்.

உன்,
விசாலம்