சாயாக்கடைக் கணக்கும் நம் ஊர் ஓட்டும்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே எழுதாததற்கு மழையைத்தான் குறை சொல்ல வேண்டும். ரப்பர் பால்வெட்டு நின்றுபோய், கொட்டகையில் காயாமல் கிடந்த ஷீட்டெல்லாம் பூசணம் பிடித்து, அதைத் துடைப்பதிலேயே நாள் போகிறது. அம்மாவுக்கு முட்டுவலி கூடியிருக்கிறது, ஆனாலும் மரச்சீனியும் மத்திக் குழம்பும் கேட்டு வாங்கித்தான் சாப்பிடுகிறாள். நீ எப்போது வருவாய் என்று வாரத்துக்கு ஒருமுறை கேட்கிறாள்.

சரி, உன் மகன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். வேட்பாளரின் மத நம்பிக்கை ஓட்டை எவ்வளவு மாற்றும் என்று கல்லூரி விவாதத்துக்குக் கேட்டானாம், நீ பாட்டுக்கு "நாகர்கோவில்காரன்கிட்ட கேளு" என்று என் பக்கம் தள்ளிவிட்டாய். ஆனால் அந்தக் கேள்விக்குப் பேர்போன இடமே நீ இருக்கும் ஹூஸ்டன்தானே! 1960 செப்டம்பர் 12ஆம் தேதி, அதிபர் தேர்தலில் நின்ற கென்னடி அங்கே புராட்டஸ்டன்ட் போதகர்கள் முன்னால் நின்று, நான் கத்தோலிக்கர்களின் வேட்பாளர் இல்லை, என் கட்சியின் வேட்பாளர், கத்தோலிக்கனாகவும் இருக்கிறேன், அவ்வளவுதான் என்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு முன் 1928இல் நின்ற இன்னொரு கத்தோலிக்கர் ஆல் ஸ்மித் தோற்றதற்கு அவர் மதமும் ஒரு காரணம். அப்புறம் 60 வருடம் கழித்து பைடன் வந்தபோது கத்தோலிக்கர் ஓட்டே ஏறக்குறையப் பாதிப் பாதியாகப் பிரிந்தது, தங்கள் ஆள் என்று யாரும் மொத்தமாக அள்ளிக் கொடுத்துவிடவில்லை.

கேலப் நிறுவனம் அங்கே நெடுங்காலமாக ஒன்றைக் கேட்டு வருகிறது: உன் கட்சி தகுதியான ஆளை நிறுத்துகிறது, அவர் இன்ன மதக்காரர், ஓட்டுப் போடுவாயா? 2020இல் கத்தோலிக்கருக்குப் போடுவேன் என்றவர்கள் 95 சதவீதம், முஸ்லிமுக்கு 66, கடவுள் இல்லை என்பவருக்கு 60. அந்தக் கடைசி எண் 1958இல் வெறும் 18. இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது, ஏனென்றால் இங்கே கடவுள் மறுப்பைப் பேசிக்கொண்டே கருணாநிதி ஐந்து முறை முதல்வராக இருந்துவிட்டார், அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் பலரும் நெற்றி நிறைய திருநீறு பூசியவர்கள்.

அங்கே வேட்பாளர் என்ன நம்புகிறார், எந்தச் சபைக்குப் போகிறார் என்று துருவுகிறார்கள். நம் ஊரில் அதை யாரும் கேட்பதில்லை மக்கா. ஒருவர் ஜெபம் பண்ணுகிறாரா, அம்பலத்துக்குப் போகிறாரா என்பது எவனுக்கும் வேண்டாம், பேரைச் சொன்னாலே போதும், சாயாக்கடையில் பென்சிலை எடுத்துவிடுவார்கள். கத்தோலிக்க ஆர்.சி. இவ்வளவு, புராட்டஸ்டன்ட் சி.எஸ்.ஐ. இவ்வளவு, பெந்தேகோஸ்தே, அய்யாவழி, திருவிதாங்கோடு துலுக்கமார் என்று பெட்டி பெட்டியாகக் கூட்டிக் கழித்து ராத்திரிக்குள் எம்.பி.யைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85, முஸ்லிம்கள் 4.2. இப்படி இரண்டு தட்டும் கிட்டத்தட்டச் சமமாக நிற்கிற இடத்தில் பென்சில் ஓயாது.

ஆனால் பென்சில் போட்ட கணக்கை ஓட்டுப்பெட்டி மதிப்பதே இல்லை. மார்ஷல் நேசமணி சி.எஸ்.ஐ.காரர், திருவிதாங்கூரை விட்டுத் தாய்த்தமிழகத்தோடு இணையும் போராட்டத்தில் இந்துவும், வேதக்காரன் என்று நாம் சொல்லும் கிறிஸ்தவனும் ஒன்றாக அவர் பின்னால் போனார்கள். அதே அணியில் நின்ற தாணுலிங்க நாடார்தான் 1957இல் காங்கிரஸ் எம்.பி., பிற்காலத்தில் அவரே இந்து முன்னணித் தலைவர். எம்.பி.யாக இருந்த நேசமணி இறந்த பிறகு 1969 இடைத்தேர்தலில் காமராஜர் விருதுநகரிலிருந்து வந்து இங்கே நின்றார், எதிரே டாக்டர் மத்தியாஸ். வேதக்காரர் ஓட்டு விழாமல் நாகர்கோவிலில் காமராஜர் அவ்வளவு பெரிதாக ஜெயித்திருக்க வழியே இல்லை. என் சித்தி வீடு சி.எஸ்.ஐ. என்பது உனக்குத் தெரியும், அங்கே முன்னறையில் இயேசு படத்துக்குப் பக்கத்திலேயே இன்றைக்கும் காமராஜர் தொங்குகிறார்.

1982தான் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டது. மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை, இந்து-கிறிஸ்தவர் கலவரம், துப்பாக்கிச் சூடு. நாம் ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது நமக்குக் கொண்டாட்டம். ஆனால் எங்கள் கிணற்றில் தண்ணீர் எடுக்க வரும் உன் அம்மா ஒரு வாரம் வரவில்லை, எட்டாம் நாள் என் அம்மாவே குடத்தைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு நடந்தாள். குன்றக்குடி அடிகளார் வந்து ஊர் ஊராகச் சமாதானம் பேசியதை அப்பா வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு அப்புறம்தான், என் கணிப்பில், வேட்பாளர் பேருக்குப் பின்னால் இன்னொரு கேள்வி ஒட்டிக்கொண்டது: இவர் ஜெயித்தால் எவனுக்கு மீசை முறுக்கத் தைரியம் வரும்? 1996இல் பத்மநாபபுரத்தில் வேலாயுதம் ஜெயித்து பா.ஜ.க.வின் முதல் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஆனதையும் நான் அந்த வரிசையில்தான் வைக்கிறேன்.

இனி உன் மகன் குறித்துக்கொள்ள வேண்டியது இதுதான். பா.ஜ.க.வின் பொன். ராதாகிருஷ்ணன் 2014இல் சுமார் 3.73 லட்சம் வாங்கி ஜெயித்தார். 2019இல் 3.67 லட்சம் வாங்கி இரண்டரை லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் தோற்றார். 2024இல் 3.66 லட்சம், மறுபடி தோல்வி. நடுவில் 2021 இடைத்தேர்தலில்தான் கொஞ்சம் கூடியது, அப்போதும் போதவில்லை. அவருடைய ஓட்டு பாறை மாதிரி நின்ற இடத்திலேயே நிற்கிறது, எதிரே இருப்பவர்கள் பிரிகிறார்களா சேர்கிறார்களா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. 2014இல் காங்கிரஸ், தி.மு.க., அ.தி.மு.க., மார்க்சிஸ்ட் என்று ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். அதில் ராஜரத்தினம், ஜான் தங்கம், பெல்லார்மின் என்று வேதக்காரப் பேர் மூன்று இருக்க, இரண்டாவதாக வந்தவர் காங்கிரசின் அகஸ்தீஸ்வரத்து இந்து வசந்தகுமார். 2024இலும் அ.தி.மு.க.வுக்கு பசிலியான் நசரேத், நாம் தமிழருக்கு மரிய ஜெனிபர், ஆனால் வேதக்காரர் ஓட்டில் பெரும்பகுதி போனது வசந்தகுமார் மகன், காங்கிரசின் விஜய் வசந்துக்கு. பேரைப் பார்த்துத்தான் ஓட்டு என்றால் இது எப்படி நடக்கும்? சாயாக்கடையில் இதைக் கேட்டேன், பென்சில்காரர் சீனி போதாது என்று மாஸ்டரிடம் சண்டைக்குப் போய்விட்டார்.

2019ஐ வெளியூர்ப் பத்திரிகைகள் "கிறிஸ்தவ வாக்கு" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டன. எனக்கு அதில் உடன்பாடில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்து, கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவில்லை. தூத்தூர் பக்கம் நான் போயிருந்தபோது பெண்கள் ரோட்டில் உட்கார்ந்து மத்திய அரசையும் மாநில அரசையும் சேர்த்தே திட்டிக்கொண்டிருந்தார்கள். கூடவே இனயத்தில் தொடங்கி கோவளம் பக்கம் நகர்ந்த சரக்குப் பெட்டகத் துறைமுகத் திட்டம். கடற்கரையில் ஆர்.சி. அதிகம் என்பதால் அந்தக் கோபத்தை மதக்கணக்கில் எழுதிவிட்டார்கள், கடற்கரை முழுக்க இந்துக்கள் இருந்திருந்தாலும் அந்த வருடம் அதே ஓட்டுத்தான் விழுந்திருக்கும். இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும், மார்த்தாண்டம் மேம்பாலம் பொன்னார் முயற்சியில் வந்தது, அதில் ஏறி மூன்று நிமிடத்தில் ஊரைத் தாண்டுகிற என் சித்தப்பா அவரைப் புகழ்ந்துகொண்டே போய்க் கைக்குப் போட்டுவிட்டு வந்தார். அங்கே மதம் வேலை செய்யவில்லை என்று நான் சொன்னால் நீயே சிரிப்பாய்.

மதத்தின் பேரில் ஓட்டுக் கேட்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஏழு நீதிபதிகள் அமர்வில், வேட்பாளர் மதம் மட்டுமல்ல, வாக்காளர் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் தப்பு என்று நாலுக்கு மூன்றாகத் தீர்ப்பளித்தது. ஆனால் இங்கே யார் வாய்விட்டுக் கேட்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் "சிந்தித்து வாக்களியுங்கள்" என்பார்கள், கோயில் கொடை நோட்டீசில் ஒரு பேர் பெரிய எழுத்தில் வரும். இதற்கு எந்தக் கோர்ட்டில் போய் நிற்பது?

அம்மாவும் சித்தியும் எப்போதும்போல இந்தத் தடவையும் ஒரே ஆட்டோவில்தான் ஓட்டுப் போடப் போனார்கள். யாருக்குப் போட்டாய் என்று கேட்டேன். "எல்லாம் நமக்க பிள்ளைகளுக்க பேராத்தான் இருந்துது, கண்ணாடி எடுக்க மறந்துபோச்சு, சித்திதான் விளக்குக் காட்டுச்சான்னு பாக்கச் சொன்னா" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

டிசம்பரில் வந்தால் முன்னாலேயே எழுது, ஏத்தன் வாழைக்குலை ஒன்று பழுக்காமல் பார்த்து வைக்கிறேன். முட்டுவலிக்கு அங்கே கிடைக்கும் அந்தப் பச்சை டப்பா தைலம் இரண்டு கொண்டுவா, ஒன்று அம்மாவுக்கு, ஒன்று சித்திக்கு, ஒன்று மட்டும் கொண்டுவந்து என்னை மாட்டிவிட்டுவிடாதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்