அந்த விளக்கு இன்னும் எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல பிரேசில் பயணக் கட்டுரை படிச்சேன். சால்வடார் ஊரைப் பத்தி, கார்னிவல், சாப்பாடு எல்லாம் ஆசையா எழுதியிருந்தாங்க, ஆனா பார்ரா லைட்ஹவுஸை மட்டும் 'பழைய கட்டடம், சூரியன் மறையுறதைப் பாத்து போட்டோ எடுக்கலாம்'னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க, மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.

நான் சரக்குக் கப்பல்ல டெக்ல வேலை பாத்தவன். அந்த ஊருக்கு முதல் தடவை போனப்ப ராத்திரி லுக்அவுட் டியூட்டி, அதாவது கடலைக் கண்காணிக்கிற வேலை, கரையே கண்ணுல படல, தூரத்துல வெள்ளையா ஒரு வெட்டு, அப்புறம் சிவப்பா ஒண்ணு, அதைப் பாத்ததும் ஊரு வந்துருச்சுன்னு உடம்புல ஒரு தெம்பு வரும் பாருங்க, அது கடல்ல கிடந்தவங்களுக்குத்தான் தெரியும்.

அந்த விளக்கு சும்மா வந்ததில்ல சார். 1668-ல சாக்ரமெண்டோன்னு ஒரு போர்ச்சுகீஸ் கப்பல், ஊரு வாசல் வரைக்கும் வந்துட்டு ரியோ வெர்மெல்யோங்கிற கடற்கரைப் பகுதிக்குப் பக்கத்துல தரை தட்டி மூழ்கிருச்சு, நூத்துக்கணக்கான பேர் போயிட்டாங்க. அதுக்கப்புறம் 30 வருஷம் கழிச்சு, 1698-லதான் பார்ரா முனையில இருந்த கோட்டை மேல விளக்கு ஏத்துனாங்க, அப்போ திமிங்கில எண்ணெய்தான். இப்ப நிக்கிற கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட 22 மீட்டர் கோபுரம் 1839-ல கட்டுனது, கரண்ட் வந்தது 1937-ல.

கப்பல் வந்த மறுநாள் ஷோர் லீவ், அதாவது கரைக்குப் போக லீவு, கிடைச்சதும் நேரா அங்கதான் போனேன். கோட்டைக்குள்ள இருக்கிற மியூசியத்துல அந்த மூழ்குன கப்பல்ல இருந்து எடுத்த பீரங்கியும் உடைஞ்ச பீங்கானும் வச்சிருக்காங்க. கண்ணாடிக்குப் பின்னாடி ஒரு தட்டுத் துண்டு, யாரோ அதுலதான் சாப்பிட்டிருப்பாங்க, அதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் நின்னுட்டேன், பேச்சே வரல.

அஸ்தமனமும் அழகுதான், நான் இல்லைங்கல. கிழக்குக் கடற்கரை ஊருதான், ஆனா அந்த முனை வளைகுடாவைப் பாத்து நிக்கிறதால சூரியன் தண்ணிக்கு மேலேயே இறங்கும். ஆனா எல்லாரும் சூரியன் போனதும் கைதட்டிட்டுக் கிளம்பிடுறாங்க, விளக்கு வேலையை ஆரம்பிக்கிறதே அப்பத்தான். போறவங்க சாயங்காலத்துக்கு முன்னாடியே போய் மியூசியத்தைப் பாத்துட்டு, இருட்டினப்புறமும் ஒரு கால் மணி நேரம் நில்லுங்கன்னு அடுத்த இதழ்ல ஒரு வரி சேர்த்துப் போடுங்க.

இப்படிக்கு,
உங்க வாசகன், தூத்துக்குடி