மணிக்கு விளக்கேற்றுங்கள், அத்தை

அன்புள்ள அத்தை,

வணக்கம். போனில் நீங்கள் கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்கலாம். அழுகைக்கு நடுவில் சொல்லும் பதில் மனசில் நிற்காது என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன். உங்களிடம் கேட்டுக்கொண்டுதான் இதைப் பொதுவில் போடுகிறேன். இதே கேள்வியை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

"நாய்க்குப் பதினாறாம் நாள் விளக்கேத்தினா தப்பா கண்ணு?" என்று கேட்டீர்கள்.

தப்பில்லை அத்தை. உங்கள் நாய் மணிக்குத் தாராளமாக ஏற்றுங்கள். மனுஷருக்குச் செய்கிற முறையை நாய்க்குச் செய்தால் காலமான மாமாவுக்கே தோஷம் என்று உங்கள் தெருவில் ஒருவர் சொன்னாராமே, அந்தச் சொல்தான் உங்களை ராத்திரி தூங்கவிடாமல் செய்கிறது என்று எனக்குத் தெரியும். மாமாவை வைத்து உங்களைப் பயமுறுத்தியது எனக்கு ரொம்ப வருத்தம். அந்தப் பயம் போகவேண்டும் என்பதற்காகத்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் பூஜை அறையில் ரமணர் படம் இருக்கிறது. அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

1916 முதல் 1922 வரை பகவான் ரமணர் அருணாசல மலைமேல் ஸ்கந்தாசிரமத்தில் இருந்தார். அங்கே கமலா என்றொரு நாய். குட்டியாக வந்து ஒட்டிக்கொண்டவள். வருஷா வருஷம் குட்டி போட்டு இடத்தை நிறைத்துவிடுவாள் என்று அங்கிருந்தவர்கள் விரட்டிப் பார்த்தார்கள், அவள் போகவில்லை. அவளுக்கு முதல் பிரசவம் ஆனபோது என்ன செய்தார்கள் தெரியுமா? குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, நெற்றியில் குங்குமம் வைத்து, ஆசிரமத்துக்குள்ளேயே சுத்தமாக ஓர் இடம் ஒதுக்கிக் குட்டிகளோடு பத்து நாள் வைத்திருந்தார்கள். பத்தாம் நாள் தீட்டுக் கழித்து விருந்தும் போட்டார்கள். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு நம் வீட்டில் செய்கிற அதே முறைகள். செய்தது மலைமேல் இருந்த துறவிகள், பார்த்துக்கொண்டிருந்தது பகவான். மனுஷருக்கான முறையை நாய்க்குச் செய்யலாமா என்ற கேள்வி அங்கே எழவே இல்லை.

அந்தக் கமலாவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. மலைக்குப் புதிதாக யாராவது வந்தால், "கமலா, இவரைச் சுற்றிக் காட்டி அழைத்து வா" என்பாராம் பகவான். அவள் முன்னே நடந்து, ஒவ்வொரு சந்நிதியாக, ஒவ்வொரு தீர்த்தமாகக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவாள். அருணாசலத்தில் எத்தனையோ பேருக்கு முதல் வழிகாட்டி ஒரு நாய்தான்.

சின்னக் கருப்பன் என்ற நாயின் கதையை உங்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். அதைப் பகவானே சொல்லியிருக்கிறார். விரூபாட்ச குகையில் இருந்த காலத்தில் ஒரு கருப்பு உருவம் தூரத்தில் போகுமாம், புதருக்கு மேலே தலை மட்டும் தெரியுமாம். யாரோடும் சேராது. அவனுக்கு வைராக்கியம் பலமாக இருந்தது, அதை மதித்து அவன் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சோற்றை வைத்துவிட்டு வந்துவிடுவோம் என்கிறார் பகவான். ஒருநாள் மலை ஏறிப் போகும்போது அவனே பாதையில் குறுக்கே பாய்ந்து வந்து, அத்தனை பேரில் பகவான்மேல் மட்டும் தாவி வாலாட்டி விளையாடினான். அதன்பிறகு அவர்களோடேயே தங்கிவிட்டான். வந்தவர் போனவர் எல்லார் மடியிலும் ஏறி உட்காருவான்.

ஆசாரமான பெரியவர் ஒருவர் குகைக்குப் பக்கத்தில் வில்வ மரத்தடியில் ஜபம் செய்துகொண்டிருந்தார். கருப்பன் அவரிடமும் போனான். அவர் மனசு கோணக்கூடாதே என்று ஆசிரமத்தில் ஒருவர் கம்பை எடுத்து லேசாக ஒரு தட்டு தட்டினார். அவ்வளவுதான். கருப்பன் கத்திக்கொண்டு ஓடினான், திரும்பி வரவே இல்லை. அதற்குச் சில வருஷம் முன்னால் இன்னொரு சின்ன நாயைப் பகவானோடு இருந்த தொண்டர் பழனிசாமி திட்டிவிட, அது நேரே இறங்கிச் சங்கு தீர்த்தத்துக்கு ஓடியது. கொஞ்ச நேரத்தில் அதன் உடல் குளத்தில் மிதந்தது. அப்போதே பகவான் எல்லாரையும் எச்சரித்திருந்தார். இந்த உடம்புகளுக்குள் எந்த ஆத்மாக்கள் குடியிருக்கின்றனவோ, எந்த மிச்சக் கர்மத்தை முடித்துக்கொள்ள நம்மைத் தேடி வந்திருக்கின்றனவோ, நமக்கு எப்படித் தெரியும் என்பது அவர் சொன்னதன் சாரம்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மணி உங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்த விதம்தான் நினைவுக்கு வரும். மாமா காலமான வருஷத்து ஐப்பசி மழை. கேட்டுக்கு வெளியே நனைந்துகொண்டு நின்றான். நீங்கள் அப்போது சமைப்பதையே விட்டிருந்தீர்கள். ஒரு ஆளுக்கு எதற்கு உலை வைப்பது என்று பிஸ்கட்டும் டீயுமாக இருந்தவர், அவனுக்காக மறுபடி அரிசி களைந்தீர்கள். அம்மா இதைச் சொல்லிச் சொல்லி ஆச்சரியப்படுவார். நாங்கள் எத்தனை பேர் வந்து உட்கார்ந்து பேசியும் நடக்காதது அது. அவன் உங்களிடம் எந்தக் கணக்கை முடிக்க வந்தானோ, நீங்கள் அவனிடம் எதை முடித்தீர்களோ, அது உங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கட்டும். ஆனால் வெறும் தற்செயல் என்று என்னால் அதைத் தள்ள முடியவில்லை.

பகவான் நாய்களை 'அது' என்று சொன்னதில்லையாம். அவன், அவள்தான். பசங்களுக்குச் சோறு போட்டாச்சா என்று அவர் கேட்டால் நாய்களைத்தான் கேட்கிறார் என்று ஆசிரமத்தில் எல்லாருக்கும் தெரியும். அவற்றுக்குப் போட்ட பிறகுதான் மற்றவர்களுக்குப் பந்தி.

கீழே ரமணாசிரமத்தில் இருந்த ஜாக்கியும் அப்படித்தான். மற்ற நாய்களோடு சேரமாட்டான். பகவானுக்கு எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தையே கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பான். நோய் வந்தபோது பகவானே அவனைக் கவனித்துக்கொண்டார், அவர் கையிலேயே உயிர் போனது. ஆசிரம வளாகத்துக்குள் அவனுக்குச் சமாதி உண்டு. பக்கத்திலேயே மானுக்கு, காக்கைக்கு, 1948 ஜூன் 18 அன்று முக்தி அடைந்ததாகப் பகவானே வெண்பா எழுதிவைத்த லட்சுமிப் பசுவுக்கு என்று வரிசையாகச் சமாதிகள். இன்றைக்கும் போகிறவர்கள் அங்கே நின்று கும்பிட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். முன்பு நீங்கள் கோஷ்டியோடு கிரிவலம் போனபோது அவசரத்தில் பார்க்காமல் வந்திருப்பீர்கள்.

ஜாக்கியின் அந்தப் பார்வையைப் பற்றி ஒரு விஷயம். நாயும் அதை வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்த்துக்கொள்ளும்போது இருவர் உடம்பிலும் ஆக்ஸிடோசின் என்ற சுரப்பு கூடுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் கண்டு எழுதினார்கள். தாய்க்கும் கைக்குழந்தைக்கும் நடுவில் பாசத்தை வளர்ப்பதும் அதே சுரப்புதான். மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் அது நடக்கவில்லை. நாய் நம்மோடு பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்து கற்றுக்கொண்ட பார்வை அது. விஞ்ஞானம் இப்படிச் சொல்லிவிட்டதால் பக்தி ஒன்றும் குறைந்துவிடவில்லை என்றே நினைக்கிறேன். சாயங்காலம் நீங்கள் விளக்கு வைத்துக் கண்ணை மூடி உட்காரும்போது, பூஜை அறை நிலைப்படிக்கு வெளியே மணி கால் நீட்டிப் படுத்து உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். கண் திறந்தால் முதலில் தெரிவது அவன் கண்தான் என்று நீங்களே சொல்வீர்கள்.

இனி, அந்தத் தெருக்காரர் சொன்ன இன்னொரு பேச்சு. நாய் என்றாலே நம் ஊரில் வசவுதானே, அதைப் போய்ச் சாமி காரியத்தில் சேர்க்கலாமா என்றாராம். வசவு உண்டு, மறுக்க முடியாது. மாணிக்கவாசகரே சிவபுராணத்தில் "நாயிற் கடையாய்க் கிடந்த அடியேற்கு" என்றுதான் பாடுகிறார். ஆனால் அதே மொழியில்தான் நாலடியாரும் இருக்கிறது. நட்புக் கொள்வதென்றால் யானை போன்றவரை விட்டு நாய் போன்றவரைத் தேடிக்கொள் என்கிறது அது. பலநாள் பழகிய பாகனையே யானை கொன்றுவிடும், எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதும் நாய் வாலைக் குழைக்கும் என்று காரணமும் சொல்கிறது. சிவன் கோயிலில் வடகிழக்கு மூலையில் பைரவர் நிற்கிறாரே, அவர் பின்னால் நிற்பது யார்? தேய்பிறை அஷ்டமிக்கு நெய்விளக்கு ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, வெளியே வந்ததும் வாசலில் படுத்திருக்கும் நாயைக் கல்லால் அடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கொதிக்கும். கண்ணூர் பக்கம் பறசினிக்கடவு முத்தப்பன் கோயிலில் பிரசாதமே முதலில் நாய்க்குத்தான்.

திருவண்ணாமலை மாவட்டத்திலேயே, செங்கம் பகுதியில் எடுத்தனூர் என்றொரு ஊர். அங்கே மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7ஆம் நூற்றாண்டில் நட்ட ஒரு நடுகல் கிடைத்தது. எருமைகளைக் காக்கப் போராடி உயிர்விட்ட கருந்தேவகத்தி என்ற வீரனின் கல். வீரனோடு அதில் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள், அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். "கோவிவன் என்னும் நாய் இரு கள்ளனைக் கடித்துக் காத்திருந்தவாறு." காத்திருந்தவாறு, அத்தை. எசமான் விழுந்த பிறகும் அந்த இடத்தை விட்டு நகராமல் அவன் காவல் நின்ற காட்சி அந்த ஒரு வரியில் எனக்குத் தெரிகிறது. நடுகல் என்பது வெறும் ஞாபகச் சின்னம் இல்லை. பூச்சூட்டிப் படையல் போட்டுக் கும்பிடுகிற கல். வீரனுக்குப் போட்ட படையல் கோவிவனுக்கும் சேர்த்துத்தான் நடந்திருக்கும்.

நாய்க்கே தனியாக எழுப்பிய கல்லும் உண்டு. கர்நாடகத்தில் மாண்டியா மாவட்டத்து ஆதகூர். தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் விழுந்த சமயம், 949–50ஆம் ஆண்டு. எதிர்ப்பக்கம் போரிட்ட கங்க மன்னன் பூதுகனிடம் மணலேரன் என்ற வீரன் இருந்தான். என்ன பரிசு வேண்டும் என்று மன்னன் கேட்டபோது, 'காளி' என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பிறகு ஒரு பெரிய காட்டுப் பன்றியோடு மோதியதில் பன்றியும் செத்தது, காளியும் செத்தது. கோயிலுக்கு முன்னால் காளிக்குக் கல் நட்டு, பூசைக்கு நிலமும் விட்டார்கள். அந்த நிலத்தை அனுபவிக்கிற பூசாரி கல்லுக்குப் பூசை செய்யாமல் சாப்பிட்டால் பாவம் சேரும் என்று கல்லிலேயே எழுதிவைத்தார்கள். உங்கள் தெருக்காரர் நாய்க்குச் செய்தால் தோஷம் என்கிறார். ஆதகூர்க்காரர்கள் செய்யாமல் விட்டால்தான் பாவம் என்றிருக்கிறார்கள்.

இதையெல்லாம் அவரோடு வாதாடுவதற்காக எழுதவில்லை. என் மனசில் இருப்பது வேறு. கடைசி நாட்களில் மணியால் எழுந்திருக்க முடியவில்லை. நீங்கள் அவனைத் துடைத்தீர்கள், புண்ணுக்கு மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டீர்கள், கால்நடை மருத்துவர் கொடுத்த மருந்தைக் கஞ்சியில் கலந்து கரண்டியால் ஊட்டினீர்கள். உங்கள் முழங்கால் வலியோடு ராத்திரி இரண்டு தடவை எழுந்து அவனைப் புரட்டிப் படுக்கவைத்தீர்கள். மாமாவுக்கு மருத்துவமனையில் உங்கள் கையால் செய்யமுடியாமல் போன பணிவிடை அத்தனையும் இவனுக்குச் செய்தீர்கள் என்று நீங்களே ஒருதரம் சொன்னீர்கள். அந்தப் பணிவிடைதான் பூஜை. பதினாறாம் நாள் விளக்கு அதன் கடைசிப் பகுதி, மங்கள ஆரத்தி மாதிரி. அதை மட்டும் செய்யாமல் நிறுத்தினால் உங்களுக்குத்தான் மனக்குறையாக இருக்கும். மாமாவுக்கு இதில் என்ன கோபம் வரப்போகிறது? அவர் இருந்திருந்தால் கடைக்குப் போய்க் கற்பூரம் வாங்கி வந்திருப்பார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வேறொரு குட்டி வாங்கித் தருகிறேன் என்று உங்கள் மகன் சொல்வது பாசத்தில்தான். இப்போது வேண்டாம் என்று நீங்கள் சொன்னது சரி. அழவேண்டியதை அழுது முடியுங்கள். அவனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

விளக்கு எப்படி ஏற்றுவது என்றும் கேட்டீர்கள். ஐயர் வேண்டாம், மந்திரம் வேண்டாம். கொல்லையில் அவனைப் புதைத்த இடத்தைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, ஒரு அகல் ஏற்றுங்கள். அவனுக்குப் பிடித்த பால்சோறும் கருவாடும் இலையில் வையுங்கள். கருவாடு வைக்கலாமா என்று யோசிக்காதீர்கள், படையல் அவனுக்கு. பிறகு ஒரு படி அரிசி சமைத்துத் தெருவில் இருக்கிற பசங்களுக்குப் போடுங்கள். அவர்கள் சாப்பிட்ட பிறகு நாம் சாப்பிடலாம்.

பதினாறாம் நாள் வியாழக்கிழமை வருகிறது இல்லையா? புதன் ராத்திரி பஸ் ஏறுகிறேன், விடிகாலை வந்துவிடுவேன். அம்மாவும் வருகிறார். கருவாடு இங்கே நல்லதாகக் கிடைக்கிறது, நானே வாங்கி வருகிறேன். அடுத்த மாதம் உங்கள் முழங்கால் கொஞ்சம் தேவலை ஆனதும் காரில் திருவண்ணாமலை போவோம். கிரிவலம் நடக்கவேண்டாம். ஜாக்கி சமாதியில் உட்கார்ந்துவிட்டு, முடிந்தால் எடுத்தனூர்ப் பக்கமும் ஒரு எட்டு போய்விட்டு வருவோம்.

அன்புடன்,
உங்கள் கண்ணு