வெலிங்டனில் பயிற்சி எடுக்கும் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புத் தம்பிகளுக்கு,

1986-இல் நானும் உங்களைப் போல ஒரு ரங்ரூட்டாக, அதாவது ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த பையனாக, நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் பயிற்சி மையத்துக்கு வந்து இறங்கினேன். வயது 18. தேனிப் பக்கத்து வெயிலில் வளர்ந்த உடம்பு. விடியலில் புல்லெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடக்க, அரை டவுசரோடு பி.டி.க்கு ஓடிய குளிர் இன்னும் தோலில் இருக்கிறது. லங்கரில் சாப்பாட்டு வரிசை, டிரில், ராத்திரி பிராசோ போட்டு பக்கிள் தேய்ப்பது இதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் எழுத வந்தது கால் வலியைப் பற்றி.

எட்டாவது வாரம் வலது முழங்காலுக்கு ஒரு சாண் கீழே, முன்பக்க எலும்பில் வலி. ஒரு ரூபாய்க் காசு அகலம்தான் இருக்கும். அங்கே கட்டைவிரலை வைத்தால் உயிர் போகும். ஒரு விரல் தள்ளி அழுத்தினால் ஒன்றுமில்லை. “வீர மதராசி, அடி கொல்லு” என்று நம் ரெஜிமென்ட் போர் முழக்கத்தைத் தொண்டை கிழியக் கத்திப் பழகிய எனக்கு, கால் வலிக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. வேலைக்கு டிமிக்கி கொடுக்கிற காம்சோர் என்று பெயர் வந்துவிடுமே, பேட்ச் கைவிட்டுப் போய்விடுமே என்ற பயம். துணியை இறுக்கிக் கட்டி, மேலே சாக்ஸை இழுத்துவிட்டு மூன்று வாரம் ஓடினேன். “என்னடா நொண்டுற?” என்று பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் கேட்டார். “பூட் புதுசு உஸ்தாத்” என்றேன். அப்புறம் ஒரு ரூட் மார்ச்சில், இறக்கத்தில், எலும்பு முறிந்தே விட்டது.

என் பேட்ச் கசம் பரேடில் உறுதிமொழி எடுத்த அன்று நான் மாவுக்கட்டோடு ஓரத்தில் நின்றேன். வரவேண்டாம் என்று போட்ட இன்லேண்டு லெட்டர் அப்பாவுக்குப் போய்ச் சேரவில்லை. முறுக்குப் பையோடு வந்துவிட்டார். வரிசை வரிசையாக என் முகத்தைத் தேடியவர், கடைசியில்தான் என் பக்கம் திரும்பினார்.

அது எலும்புக் கீறல், தம்பிகளே. ஓடிப் பழகாத எலும்பு, தேய்மானத்தைச் சரிசெய்துகொள்ள நேரம் கிடைக்காமல் கீறல் விடுகிறது. சதை வலி பரவலாக இருக்கும், உடம்பு சூடானதும் குறையும். இது ஒரே புள்ளியில் நின்று, ஓட ஓட ஏறும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். வலி நிற்கவில்லை என்றால் மறுபடியும் போய்ச் சொல்லுங்கள். அப்போதே ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சில வாரத்தில் ஆறிவிடும்.

உங்கள் நெருக்கடி எனக்குப் புரிகிறது. எனக்கு முன்னால் நீண்ட சர்வீஸ் இருந்தது. அக்னிவீரர்களான உங்களுக்கு 4 வருடம். அதன் பிறகு நிலைப்பவர்கள் அதிகபட்சம் 25 சதவீதம். ஒரு நாள்கூட விடக்கூடாது என்றுதான் தோன்றும். நான் மறைத்தது மூன்று வாரம், இழந்தது ஐந்து மாதம். அடுத்த பேட்ச்சோடுதான் கசம் எடுத்தேன்.

உஸ்தாத்களிடமும் ஒரு வேண்டுகோள். பையன் “பூட் புதுசு” என்றால், பூட்டைக் கழற்றச் சொல்லி ஒருமுறை காலைப் பாருங்கள்.

தம்பி, இன்று ராத்திரி சாக்ஸைக் கழற்றும்போது அந்த எலும்பை மேலிருந்து கீழே அழுத்திப் பார். ஒரே இடத்தில் சுரீர் என்றால், காலையில் முதல் வேலையாக, உடம்பு சரியில்லை என்று சிக் ரிப்போர்ட் போட்டு, டாக்டர் பார்க்கும் எம்.ஐ. ரூமுக்குப் போ.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் அங்கே ஓடிய ஒரு அண்ணன்