மோட்டிவேஷன் போதும், காலைல அரைமணி நேரம் குடுங்க

கல்வித்துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

போன வாரம் நீங்க நடத்துன ஊக்கமூட்டும் பயிற்சிக்கு நானும் வந்திருந்தேன். கைதட்டச் சொன்னப்போ தட்டுனேன், எந்திரிச்சு நின்னு "என்னால் முடியும்"னு மூணு தடவ கத்துனேன், ஃபீட்பேக் ஃபார்ம்ல "மிக நன்று" டிக் அடிச்சேன். அடிக்கலன்னா மறுபடி கூப்பிட்டுருவீங்களோன்னு ஒரு பயம்தான்.

அன்னைக்கு ஒரு ஸ்லைடு போட்டாங்க. ஹவாய்ல இருக்குற கவாய் தீவுல 1955ல பொறந்த 698 பிள்ளைங்கள எம்மி வெர்னர்ங்கற உளவியலாளரோட குழு 40 வயசு வரைக்கும் விடாம பாத்துட்டு வந்துச்சாம். வறுமை, வீட்ல ஓயாத சண்டை, பெத்தவங்க குடினு பல கஷ்டம் ஒண்ணா அமுக்குன பிள்ளைங்கள்லயே மூணுல ஒரு பங்கு நல்லபடியா தேறிடுச்சு. அதுக்கு ஒரு முக்கிய காரணம், உண்மையா அக்கறை காட்டுற பெரியவங்க ஒருத்தராவது கூட இருந்தது. தாத்தா பாட்டியோ, டீச்சரோ, யாரோ ஒருத்தர். நல்ல ஸ்லைடு, தப்பே சொல்லல. ஆனா அதப் பாக்குறதுக்கு என் கிளாஸ அம்போன்னு விட்டுட்டு வந்திருந்தேன்.

என் கிளாஸ்ல ஒரு பையன். நீங்க கேட்ட இடைநிற்றல் லிஸ்ட்ல முதல் பேரே அவன்தான். இந்த மாதிரி பிள்ளைங்க ஒரே நாள்ல காணாமப் போறதில்ல, முதல்ல திங்கக்கிழமை வராது, அப்புறம் முதல் பீரியட் முடிஞ்சு வரும், அப்புறம் நோட்டு இல்லாம வந்து கடைசி பெஞ்சுல தலைய கவுத்துப் படுத்துக்கும். இவன் மூணாவது கட்டத்துல இருந்தான். பயிற்சிக்கு முந்தின நாள் காலைல தானாவே என் டேபிள்கிட்ட வந்து "டீச்சர், ஒண்ணு சொல்லணும்"னான். நான் ஆப்ல அட்டென்டன்ஸ் ஏத்திட்டு இருந்தேன், சுத்திட்டே இருந்துச்சு, நேரத்துக்குள்ள ஏத்தலன்னா மெமோ வரும். "இருடா, இத முடிச்சிட்டு வரேன்"னேன். கொஞ்ச நேரம் நின்னான், போய் உக்காந்துட்டான். மறுநாள் நான் உங்க பயிற்சில. அதுக்கப்புறம் அவன் வரவே இல்ல.

வீட்டுக்கு ரெண்டு தடவ போயிட்டேன், பூட்டு தொங்குது. என்ன சொல்ல வந்தான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

அதனால கேக்குறேன், காலைல முதல் அரைமணி நேரத்த எங்ககிட்ட விட்டுருங்க. அந்த நேரத்துல என்ட்ரி, கூட்டம், அவசரத் தகவல் எதுவும் வேணாம்.

மெல்லக் கற்போருக்கு தனி ரெஜிஸ்டர், இடைநிற்றலுக்கு தனி ரெஜிஸ்டர், ரெண்டையும் ஏத்த ஒரு ஆப், ஏத்திட்டோமான்னு பாக்க ஒரு வாட்ஸப் குரூப்பு, அதுல யார் பேர் சிவப்புல இருக்குன்னு தினமும் ஒரு ஸ்க்ரீன்ஷாட்டு. பிள்ளைங்கள எண்ணி முடிக்கவே நேரம் பத்தல, அதுங்க முகத்த எப்போ பாக்குறது? போதாக்குறைக்கு பயிற்சில "ஊக்கமாக" இருந்ததுக்கு போட்டோ வேற அனுப்பணுமாம். அனுப்பிட்டேன், சிரிச்சிட்டுதான் இருக்கேன், பாத்துக்கோங்க.

கோவத்துல எங்கெங்கயோ போயிட்டேன், மன்னிக்கணும். பயிற்சியே வேணாம்னு சொல்லல, லீவு நாள்ல கூட வரேன். காலைல அந்த அரைமணி நேரம் மட்டும் குடுங்க, தயவுசெஞ்சு ஒரு சர்குலரா போட்டுக் குடுங்க. வாய் வார்த்தையா சொன்னா எங்க தலைமையாசிரியர் பாவம், அவருக்கும் மெமோ பயம் இருக்கு.

நாளைக்கு காலைல திரும்பவும் அவன் வீட்டுப் பக்கம் போறேன். என்ட்ரி லேட்டாகும், அதுக்கான விளக்கமா இதையே வச்சுக்கோங்க.

இப்படிக்கு,
சிவப்பு லிஸ்ட்ல இருக்குற ஒரு டீச்சர்